ஆயுள் கைதிக்குப் பரோலும் முன்விடுதலையும்: குடும்பத்தார் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தமிழ்நாட்டுச் சிறைகளில் ஆயுள் தண்டனை அனுபவிப்பவர்களின் வீட்டார் பெரும்பாலும் ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே தொகுத்திருக்கிறோம். 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்துக்குப் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்துவிட்டது. முன்விடுதலை தொடர்பான பிரிவுகளின் எண்கள் மாறியிருக்கின்றன. பழைய தீர்ப்புகளிலும் அரசாணைகளிலும் பழைய எண்தான் இருக்கும். அதனால் இரண்டையும் தருகிறோம். மனுவிலும் இரண்டையும் எழுதுங்கள்.

1. ஆயுள் தண்டனைன்னா 14 வருஷம்தானே? 14 முடிஞ்சா தானாவே விட்டுடுவாங்களா?

விடமாட்டார்கள். ஆயுள் தண்டனை என்றால் உயிர் இருக்கும்வரை என்றுதான் சட்டத்தில் பொருள். கோபால் விநாயக் கோட்சே வழக்கில் 1961-லேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அரசு உத்தரவு போட்டால்தான் ஆயுள் கைதி வெளியே வர முடியும்.

14 என்ற எண் 1978-இல் சேர்க்கப்பட்ட 433-ஏ பிரிவிலிருந்து வருகிறது. இப்போது அது 475. தூக்குத் தண்டனையும் விதிக்கக்கூடிய குற்றத்துக்கு ஆயுள் பெற்றவரை, உள்ளே 14 ஆண்டுகளை முழுதாகக் கழிக்காமல் இந்தச் சட்டத்தின் கீழ் விடுவிக்கக் கூடாது என்பதே அதன் சாரம். ஆக 14 என்பது விடுதலை நாள் இல்லை, மனு பரிசீலனைக்குத் தகுதி பெறும் நாள். வீட்டில் இருப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ளாமல் நாள் எண்ணிக் காத்திருந்து நொறுங்கிப்போவதால்தான் இதை முதல் கேள்வியாக வைத்தோம்.

சிலர் 20 என்றும் சொல்வார்கள். தண்டனையின் பின்னங்களைக் கணக்கிட மட்டும் ஆயுளை 20 ஆண்டாக வைத்துக்கொள்ளலாம் என்று தண்டனைச் சட்டத்தில் ஒரு பிரிவு உண்டு. அதை வைத்து விடுதலை கேட்க முடியாது.

2. பரோல், ரெமிஷன், முன்விடுதலை எல்லாம் ஒண்ணுதானா?

மூன்றும் வேறு. நாம் பரோல் என்று சொல்வதைத் தமிழ்நாட்டு விதிகள் ‘விடுப்பு’ என்கின்றன. 1982-ஆம் ஆண்டின் தண்டனை நிறுத்திவைப்பு விதிகளின்படி சில நாள் வெளியே வந்து திரும்பிப் போவது அது. ரெமிஷன் என்பது நன்னடத்தைக்கும் வேலைக்கும் சிறையில் கொடுக்கும் தண்டனைக் கழிவு நாட்கள். முன்விடுதலை என்பது மீதித் தண்டனையை அரசு தள்ளுபடி செய்து வீட்டுக்கு அனுப்புவது. பழைய பிரிவு 432, புதியது 473.

3. 14 வருஷத்தை எந்தத் தேதியிலிருந்து எண்ணணும்? கைதான நாள்லேருந்தா?

உள்ளே இருந்த நாட்களை மட்டும் எண்ண வேண்டும். தீர்ப்புக்கு முன் அதே வழக்கில் ரிமாண்டில் இருந்த நாட்கள் சேரும். இதற்கு ‘செட்-ஆஃப்’ என்று பெயர். பழைய பிரிவு 428, புதியது 468. ஆயுள் கைதிக்கும் இது உண்டு என்று பகீரத் வழக்கில் 1985-இல் தீர்ப்பாகிவிட்டது. ஜாமீனில் வெளியே இருந்த நாட்கள் சேராது. விடுப்பில் வெளியே இருந்த நாட்களும் சேராது; கோவா சிறைவாசிகள் தொடர்ந்த ரோஹன் துங்கட் வழக்கில் 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் 2010 மார்ச் 10 அன்று கைதாகி ஜூன் 7 அன்று ஜாமீனில் வருகிறார். உள்ளே இருந்தது 90 நாள். 2013 ஆகஸ்ட் 20 அன்று ஆயுள் தண்டனை, அன்றிலிருந்து சிறை. இடையில் விடுப்பில் மொத்தம் 120 நாள் வெளியே இருந்திருக்கிறார். தீர்ப்பு நாளிலிருந்து 14 ஆண்டு 2027 ஆகஸ்ட் 19-இல் முடிகிறது. அதில் 90 நாளைக் கழித்து 120 நாளைக் கூட்டினால் 2027 செப்டம்பர் 18 வரும். கைதான நாளிலிருந்து எண்ணிய குடும்பம் 2024 மார்ச்சிலேயே எதிர்பார்க்கத் தொடங்கியிருக்கும். மூன்றரை ஆண்டு வித்தியாசம்.

குண்டர் சட்டத்தில் அடைத்திருந்தால் கூடுதலாக ஒன்றைப் பார்க்க வேண்டும். தடுப்புக் காவல் தனியாக செட்-ஆஃப் ஆகாது. அதே காலத்தில் கொலை வழக்கின் ரிமாண்டும் ஓடிக்கொண்டிருந்தால்தான் அந்த நாட்கள் கணக்கில் வரும். ரிமாண்ட் நீட்டிப்புப் பதிவு நீதிமன்றத்தில் இருக்கும், நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

4. உள்ளே வேலை செஞ்சு சேர்த்த ரெமிஷன் நாளெல்லாம் 14-ல கழியாதா?

கழியாது. 433-ஏ பொருந்துகிறவர்கள் 14 ஆண்டையும் மெய்யாகவே உள்ளே கழிக்க வேண்டும் என்று மாரு ராம் வழக்கில் 1980-இல் முடிவாகிவிட்டது. அதற்காக ரெமிஷன் வீண் என்று நினைக்க வேண்டாம். ரெமிஷன் ஏட்டில் வெட்டில்லாமல் இருப்பதுதான் நன்னடத்தைக்கு எழுத்தில் உள்ள சான்று. 7 வருடம், 10 வருடம் என்று கால வரையறையுள்ள தண்டனை பெற்றவர்களுக்கு அது நேராகவே நாட்களைக் குறைக்கும்.

5. அவர் மேல கொலை கேஸ் இல்ல, 307-ல ஆயுள் குடுத்தாங்க. அவருக்கும் 14-தானா?

நல்ல கேள்வி, பலர் கவனிக்காதது. 433-ஏ இரண்டே வகையினருக்குத்தான் பொருந்தும்: தூக்கும் விதிக்கக்கூடிய குற்றத்தில் ஆயுள் பெற்றவர்கள், தூக்கு ஆயுளாகக் குறைக்கப்பட்டவர்கள். சாதாரணமாகப் போடப்படும் 307 கொலை முயற்சி வழக்கில் தூக்குக்கு இடமில்லை. கொலையாகாத மரணத்துக்கான 304-இன் முதல் பாகமும் அப்படியே. ஆகவே அவர்களுக்கு 14 ஆண்டு என்ற சட்டத் தடை கிடையாது; மாநிலத்தின் விதிகளும் அரசாணைகளும் சொல்லும் தகுதிதான் பொருந்தும். ஆனால் சிறைக் கோப்பில் ‘ஆயுள்’ என்று மட்டும் பார்த்து எல்லாரையும் ஒரே வரிசையில் வைத்துவிடும் அபாயம் உண்டு. மனுவின் முதல் பத்தியிலேயே எந்தப் பிரிவில் தண்டனை என்பதை எழுதிவிடுங்கள்.

6. சாதாரண விடுப்பு எப்போ கிடைக்கும்? எதுக்கெல்லாம் கேக்கலாம்?

குறிப்பிட்ட காலம் உள்ளே கழித்த பிறகே முதல் விடுப்பு. ஒன்றிலிருந்து திரும்பிய பின் அடுத்ததற்கும் இடைவெளி உண்டு. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஒரு மாதம்வரை என்பதை வைத்துத்தான் ஆயுள் கைதிகள் வழக்கமாகக் கேட்கிறார்கள். உங்கள் ஆளுக்கு அடுத்த தகுதி நாள் எது என்பதைச் சிறை அலுவலகத்தில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

குடும்பப் பிழைப்புக்கு ஏற்பாடு செய்வது, பிள்ளைகளைப் பள்ளி கல்லூரியில் சேர்ப்பது, வீடு கட்டுவது அல்லது பழுது பார்ப்பது, தன் திருமணம், பிள்ளைகள் அல்லது உடன்பிறந்தார் திருமணம், பாகப்பிரிவினை போன்ற குடும்பத் தகராறைத் தீர்ப்பது, விதைப்பு அறுவடை, இவை தவிர அசாதாரணக் காரணங்கள் ஆகியவை விதிகளில் இருக்கின்றன. ‘குடும்பத்தைப் பார்க்க’ என்று மொட்டையாக எழுதிய மனு சுலபமாகத் தள்ளுபடியாகும். கல்யாணம் என்றால் பத்திரிகை, வீடு என்றால் பட்டாவும் இடிந்த சுவரின் படமும், கல்லூரி என்றால் சேர்க்கைக் கடிதம் என்று காரணத்தைக் காகிதத்தில் காட்டுங்கள். 2019-இல் நளினிக்கு உயர் நீதிமன்றம் 30 நாள் விடுப்பு தந்தது மகளின் திருமண ஏற்பாட்டுக்காகத்தான்.

வேறொரு வழக்கு விசாரணையில் நிலுவையில் இருந்தால் விதி 35 குறுக்கே நிற்கும். விதிகளிலிருந்து விலக்கு அளிக்க அரசுக்கு விதி 40 அதிகாரம் தருகிறது. அப்படிப்பட்டவர்கள் அந்த விதியைக் குறிப்பிட்டே கேட்க வேண்டும்.

7. அப்பா தவறிட்டார். இன்னிக்கே கூட்டிட்டு வர முடியுமா?

முடியும், ஆனால் மணிக்கணக்கில் ஓட வேண்டியிருக்கும். தாய், தந்தை, கணவன் அல்லது மனைவி, மகன், மகள், உடன்பிறந்தவர் ஆகியோரின் மரணம், கடும் நோய், திருமணத்துக்கு அவசர விடுப்பு உண்டு. முதலில் சிறைக் கண்காணிப்பாளர் அலுவலகத்துக்குப் போன் செய்யுங்கள். கூடவே ஒருவரை மனுவோடு நேரில் அனுப்புங்கள். மருத்துவமனைச் சான்று அல்லது கிராம நிர்வாக அலுவலரின் கடிதம், இறந்தவருக்கும் சிறைவாசிக்கும் உள்ள உறவைக் காட்டும் ரேஷன் கார்டு அல்லது ஆதார், அடக்கம் எப்போது எங்கே என்ற விவரம் ஆகியவை கையில் இருக்க வேண்டும். இன்னொருவர் உள்ளூர்க் காவல் நிலையத்துக்குப் போய்ச் சொல்லிவிட வேண்டும். சிறையிலிருந்து விசாரிக்கும்போது நிலையத்தில் ‘எங்களுக்குத் தெரியாது’ என்று பதில் வந்தால் நேரம் போய்விடும்.

பெரும்பாலும் வழிக்காவலோடுதான் அனுப்புவார்கள். ஆயுதப்படையிலிருந்து ஆள் கிடைப்பதில்தான் தாமதம் ஆகும். மறுத்தாலும் தாமதித்தாலும் வழக்கறிஞர் மூலம் உயர் நீதிமன்றத்தில் ‘லஞ்ச் மோஷன்’ கேட்டு அன்றைக்கே விசாரிக்கச் சொல்லலாம். தென்மாவட்டம் என்றால் மதுரைக் கிளை.

8. அப்பீல் ஹைகோர்ட்ல இருக்கு. விடுப்பும் முன்விடுதலையும் கேக்கலாமா?

மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போது தண்டனையை நிறுத்திவைக்கும் அதிகாரம் அந்த நீதிமன்றத்திடம் இருக்கிறது. நானாவதி வழக்கில் 1960-இல் உச்ச நீதிமன்றம் இந்த எல்லையைப் போட்டது. எனவே அந்தக் காலத்தில் அரசிடம் போவதைவிட, மேல்முறையீட்டிலேயே தண்டனை நிறுத்திவைப்பு மனுப் போடுவதுதான் சரியான வழி. பழைய பிரிவு 389, புதியது 430. சில நாள் இடைக்கால ஜாமீனையும் அங்கேயே கேட்கலாம்.

9. எம்.ஜி.ஆர். நூற்றாண்டு, அண்ணா பிறந்த நாள்னு 10 வருஷத்திலேயே விட்டாங்களே, அது எப்படி?

அது அரசியல் சட்டத்தின் 161-ஆவது பிரிவு. அமைச்சரவையின் ஆலோசனைப்படி ஆளுநர் பயன்படுத்தும் அதிகாரம். முதல் கேள்வியில் சொன்ன 14 ஆண்டுத் தடை இதைக் கட்டுப்படுத்தாது. 2018 பிப்ரவரி 1-ஆம் தேதியின் அரசாணை 64, எம்.ஜி.ஆர். நூற்றாண்டையொட்டி, 2018 பிப்ரவரி 25 அன்று 10 ஆண்டு முடித்தவர்களையும், 60 வயது கடந்து 5 ஆண்டு முடித்தவர்களையும் பரிசீலிக்கச் சொன்னது. 2021-இல் அண்ணாவின் 113-ஆவது பிறந்த நாளையொட்டி 700 பேர் விடுதலையை முதலமைச்சர் ஸ்டாலின் அறிவித்தார். அதே ஆண்டு நவம்பர் 15 அன்று அரசாணை 488 வந்தது. இந்த அரசாணைகளில் பாலியல் வன்கொடுமை, கொள்ளை, பயங்கரவாதம் என்று விலக்கப்பட்ட குற்றங்களின் பட்டியலும் இருக்கும்.

இதனால் நூற்றுக்கணக்கான குடும்பங்களில் விளக்கு எரிந்தது உண்மை. ஆனால் ஒரு மனிதன் திருந்தினானா என்பதற்கும் ஒரு தலைவரின் பிறந்த நாளுக்கும் தொடர்பில்லை. கட்-ஆஃப் தேதியில் 9 வருடம் 11 மாதம் முடித்தவர், உள்ளே எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அடுத்த விழாவுக்குக் காத்திருக்க வேண்டியதாகிறது. இது தவறு என்பது எங்கள் உறுதியான கருத்து. என்ன மாற வேண்டும் என்பதை 19-ஆம் கேள்வியில் சொல்கிறோம்.

10. அந்த லிஸ்ட்ல எங்க ஆள் பேர் வரலை. இனி அவ்வளவுதானா?

இல்லை. சிறப்பு அரசாணை ஒரு வழி, 473-ஆம் பிரிவு இன்னொரு வழி. ஒன்றில் விடுபட்டால் மற்றது மூடிப்போகாது. ஏன் விடுபட்டது என்று முதலில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விலக்கப்பட்ட குற்றமா, நாள் குறைவா, காவல்துறை அறிக்கையா என்பதைப் பொறுத்தே அடுத்த அடி.

எந்த அரசாணை பொருந்தும் என்பதிலும் ஓர் உரிமை இருக்கிறது. தண்டனை விதிக்கப்பட்ட நாளில் நடைமுறையில் இருந்த கொள்கையின்படி பரிசீலிக்க வேண்டும். பின்னால் வந்தது சிறைவாசிக்குச் சாதகமாக இருந்தால் அதன் பலனையும் தர வேண்டும். ஜக்தீஷ் வழக்கில் 2010-இல் சொல்லப்பட்டது இது. பின்னால் வந்த கடுமையான விதியைக் காட்டி நிராகரித்திருந்தால் அந்த உத்தரவை எதிர்த்து வழக்குப் போடலாம்.

11. மனு யாருக்குப் போடணும்? போடாம விட்டா என்ன ஆகும்?

2025 பிப்ரவரி 18 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது. முன்விடுதலைக் கொள்கை உள்ள மாநிலம், தகுதி வந்த ஒவ்வொருவரையும் மனு இல்லாமலேயே தானாகப் பரிசீலிக்க வேண்டும்; கொள்கை இல்லாத மாநிலங்கள் இரண்டு மாதத்துக்குள் வகுக்க வேண்டும்; முடிவுக்குக் காரணம் எழுத வேண்டும்; நிராகரிப்பைக் கைதிக்குத் தெரிவித்து, எதிர்த்து வழக்குப் போடும் உரிமை இருப்பதையும் சொல்ல வேண்டும்; நகல் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கும் போக வேண்டும் என்று உத்தரவிட்டது. மனு எழுத ஆளில்லாத சிறைவாசிக்கு இது எத்தனை பெரிய விஷயம் என்பதை அந்தக் குடும்பங்களைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஆனாலும் மனுப் போடுங்கள். கோப்பு நகர்வதற்கு ஒரு காகிதம் தேவை. பின்னால் உயர் நீதிமன்றம் போனால் ‘எப்போது கேட்டீர்கள்’ என்ற கேள்விக்கு அதுதான் பதில். உள்துறைச் செயலாளருக்கு எழுதி, சிறைக் கண்காணிப்பாளர் வழியாகக் கொடுத்து, சிறைத்துறைத் தலைமைக்கு ஒரு நகல் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தகுதி நாளுக்கு மூன்று நான்கு மாதம் முன்பே கொடுத்தால் அறிக்கைகள் வந்துசேர அவகாசம் இருக்கும். ஒப்புகைச் சீட்டைத் தொலைக்காதீர்கள்.

12. மனுவோட என்னென்ன சேர்க்கணும்?

விசாரணை நீதிமன்றம், உயர் நீதிமன்றம், போயிருந்தால் உச்ச நீதிமன்றம் ஆகியவற்றின் தீர்ப்பு நகல்கள். சிறை தரும் ‘நாமினல் ரோல்’. சிறையில் படித்த படிப்பு, கற்ற தொழிலின் சான்றுகள். நோய் இருந்தால் மருத்துவப் பதிவு. வெளியே வந்தால் எங்கே தங்குவார், என்ன வேலை பார்ப்பார் என்று பொறுப்பேற்கும் உறவினரின் உறுதிமொழிப் பத்திரம். அபராத ரசீது.

இவற்றில் நாமினல் ரோலை வரி வரியாகப் படியுங்கள். ரிமாண்ட் நாட்கள், ஜாமீன் நாட்கள், விடுப்பு நாட்கள், சிறைக் குற்றங்கள் எல்லாம் அதில் இருக்கும். மூன்றாம் கேள்வியில் போட்ட கணக்கை அதன்மேல் வைத்துப் பாருங்கள். தந்தை பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தாலோ, பழைய முகவரி இருந்தாலோ இப்போதே திருத்தக் கேளுங்கள். முகவரி தவறினால் விசாரணைக்குப் போகும் அலுவலர் ‘அப்படி யாரும் இல்லை’ என்று எழுதித் திரும்பிவிடுவார்.

13. நன்னடத்தை அலுவலரும் போலீஸும் வீட்டுக்கு வருவாங்களாமே. என்ன சொல்லணும்?

உள்ளதைச் சொல்லுங்கள். நன்னடத்தை அலுவலர் பார்ப்பது மூன்று: இருக்க இடம் உண்டா, பிழைக்க வழி உண்டா, பாதிக்கப்பட்ட குடும்பத்தோடு பகை இன்னும் இருக்கிறதா. அவர் வரும் நாளில் குடும்பத்தில் முடிவெடுக்கும் ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும். ‘வரட்டும், பார்த்துக்கலாம்’ என்பதைவிட, ‘சித்தப்பா மர அறுவை மில்லில் வேலைக்குச் சேர்த்துக்கொள்வதாக எழுதித் தந்திருக்கிறார்’ என்பது அறிக்கையில் நிற்கும்.

காவல்துறை அறிக்கையில் அடிக்கடி இடிப்பது ‘வெளியே வந்தால் ஊரில் அமைதி கெடும்’ என்ற வரி. கொலையும் பாதிக்கப்பட்ட வீடும் ஒரே தெருவில் என்றால் அந்த அச்சத்தைப் பொய்யென்று சொல்லிவிட முடியாது. கணவனையோ மகனையோ இழந்தவர்களுக்கு அது நிஜமான பயம். அப்படியானால் வேறு ஊரில் உள்ள உறவினர் முகவரியைத் தங்குமிடமாகக் கொடுங்கள், அங்கே நிரந்தரமாக இருப்பார் என்று பிரமாணமும் கொடுங்கள். அந்த வரிக்கு இதைவிட வலுவான பதில் கிடையாது. பாதிக்கப்பட்டவர்கள் வீட்டுக்குப் போய்க் கையெழுத்துக் கேட்டு நிற்பது மட்டும் கூடாது. மிரட்டியதாகப் புகார் வந்தால் எல்லாம் போச்சு.

14. தண்டனை குடுத்த கோர்ட் ஜட்ஜ் ‘விடக்கூடாது’ன்னு எழுதிட்டாராம். அதோட முடிஞ்சுதா?

இல்லை. அவர் கருத்தை அரசு கேட்கலாம், ஆனால் ‘குற்றம் கொடியது’ என்ற ஒற்றை வரி போதாது. ராம் சந்தர் வழக்கில் 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், நீதிபதியின் கருத்தில் போதிய காரணம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி கேட்க வேண்டும் என்றது. பார்க்க வேண்டிய அம்சங்களை லக்ஷ்மண் நஸ்கர் வழக்கில் 2000-லேயே பட்டியலிட்டிருக்கிறார்கள்: குற்றம் சமூகத்தையே பாதிப்பதா, தனிப்பட்டதா, மறுபடி செய்ய வாய்ப்பு உண்டா, குற்றம் செய்யும் திறன் போய்விட்டதா, இன்னும் உள்ளே வைப்பதால் பயன் உண்டா, குடும்பத்தின் நிலை என்ன. மனுவை இந்த வரிசையிலேயே எழுதுங்கள்.

15. அபராதம் கட்டலை. அதுக்காக உள்ளேயே வச்சிருப்பாங்களா?

வைத்திருப்பார்கள். அபராதம் கட்டாததற்கான சிறைக்காலம் தனித் தண்டனை, முன்விடுதலை அதை அழிக்காது. பல பிரிவுகளில் தனித்தனி அபராதம் என்றால் அந்தக் காலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். விடுதலை உத்தரவு வந்த பிறகும் 5,000 ரூபாய்க்காக ஆறு மாதம் உள்ளே இருப்பது நடக்கக்கூடியதுதான். தண்டித்த நீதிமன்றத்தில் கட்டி ரசீதைச் சிறையில் கொடுங்கள். ஒரு பகுதி கட்டினாலும் அந்த விகிதத்தில் நாள் குறையும். கட்டவே முடியாத ஏழைகளுக்கு, 2023-இல் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் 25,000 ரூபாய்வரை உதவி உண்டு. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள்.

16. ரெண்டு ஆயுள் குடுத்திருக்காங்க. 14-ம் 14-ம் 28 வருஷமா?

இல்லை. ஒரு மனிதனுக்கு ஓர் ஆயுள்தான் என்பதால் ஆயுள் தண்டனைகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்க முடியாது. தமிழ்நாட்டிலிருந்து போன முத்துராமலிங்கம் வழக்கில் 2016 ஜூலையில் ஐந்து நீதிபதிகள் சொன்னது இது. ஆனால் அதே தீர்ப்பு, கால வரையறைத் தண்டனையை முதலில் முடித்துவிட்டுப் பிறகு ஆயுள் தொடங்கும்படி உத்தரவிடலாம் என்கிறது. அதனால் தீர்ப்பின் கடைசிப் பக்கத்தில் ‘ஏக காலத்தில்’ என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

17. கேரளாவுல தண்டனை ஆச்சு, இப்போ பாளையங்கோட்டைக்கு மாத்திட்டாங்க. முடிவு யார் கையில? கவர்னர் கிட்ட ஃபைல் தேங்கினா?

தண்டனை விதித்த மாநிலமே முடிவு செய்யும். சிறை மாறினாலும் அது மாறாது. குற்றம் குஜராத்தில் நடந்தும் விசாரணை மும்பையில் நடந்ததால் மகாராஷ்டிர அரசுக்குத்தான் அதிகாரம் என்று பில்கிஸ் பானு வழக்கில் 2024 ஜனவரி 8 அன்று சொல்லி, விடுதலையையே ரத்து செய்தார்கள். எனவே மனு திருவனந்தபுரத்துக்குப் போக வேண்டும், நகல் இங்குள்ள கண்காணிப்பாளருக்கு. சிபிஐ விசாரித்த வழக்கென்றால் மத்திய அரசின் சம்மதமும் தேவை. போதைப்பொருள் சட்டத்தில் தண்டனை என்றால் அதன் 32-ஏ பிரிவு தண்டனைக் குறைப்பையே தடுக்கிறது. விடுப்பை அது தடுக்காது என்று 2000-இல் தீர்ப்பு உண்டு.

161-இன் கீழ் அமைச்சரவை பரிந்துரைத்தால் ஆளுநர் அதற்குக் கட்டுப்பட்டவர். பேரறிவாளன் விஷயத்தில் 2018 செப்டம்பரில் போன பரிந்துரை முடிவின்றிக் கிடந்தது. 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றமே அரசியல் சட்டத்தின் 142-ஆவது பிரிவைப் பயன்படுத்தி விடுவித்தது. காரணமில்லாத தாமதத்தை நீதிமன்றம் ஆராயலாம் என்பதற்கு அந்தத் தீர்ப்பைக் காட்டலாம்.

18. தீர்ப்புல ‘தண்டனைக் குறைப்பு இல்லாமல் 25 ஆண்டுகள்’னு இருக்கு. 14-ல மனுப் போடலாமா?

473-இன் கீழ் முடியாது. ஸ்ரீஹரன் வழக்கில் 2015 டிசம்பரில் அரசியல் சாசன அமர்வு இப்படிப்பட்ட தண்டனையை ஏற்றுக்கொண்டது. ஆனால் அதை விதிக்கும் அதிகாரம் உயர், உச்ச நீதிமன்றங்களுக்கு மட்டுமே. செஷன்ஸ் நீதிமன்றமே அப்படி எழுதியிருந்தால் மேல்முறையீட்டில் அதைத் தாக்க வேண்டும். 161-இன் வழி இங்கும் திறந்தே இருக்கிறது.

அந்த 25 ஆண்டு முடிந்துவிட்டால் மனுவே தேவையில்லை, உடனே விட வேண்டும். சுக்தேவ் யாதவ் வழக்கில் 2025-இல் இதைச் சொன்னதோடு, தண்டனை முடிந்தும் யாராவது உள்ளே இருக்கிறார்களா என்று எல்லா மாநிலங்களும் பார்க்க வேண்டும் என்றும் உத்தரவிட்டார்கள்.

19. இந்த முறையில என்னதான் மாறணும்னு சொல்றீங்க?

விழாக்களை நம்பாத நிலையான விதி வேண்டும். 11-ஆம் கேள்வியில் சொன்ன தீர்ப்பு அரசின்மேல் கடமையை வைத்துவிட்டது. அதைச் செய்துகாட்டும் ஏற்பாடு சிறைதோறும் தேவை. அடுத்த ஆறு மாதத்தில் தகுதி பெறுவோர் பட்டியலைச் சிறை அலுவலகமே தயாரித்து, தகுதி நாளைச் சிறைவாசிக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். காவல்துறை, நன்னடத்தை அலுவலர், நீதிபதி மூவரின் அறிக்கைக்கும் கெடு வேண்டும். எதிரான அறிக்கையின் நகலைக் கைதிக்குக் கொடுத்துப் பதில் கேட்க வேண்டும். என்ன எழுதப்பட்டிருக்கிறது என்றே தெரியாமல் ஒருவர் எப்படி மறுப்பார்? பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கும் முன்கூட்டித் தகவல் சொல்லி அவர்கள் கருத்தையும் எழுத்தில் வாங்க வேண்டும். இன்று அவர்கள் விடுதலைச் செய்தியைப் பேப்பரில் பார்த்துத் தெரிந்துகொள்ளும் நிலை இருப்பது அநியாயம்.

விடுப்புக்கும் முன்விடுதலைக்கும் இடையில் ஒரு தொடர்பும் வேண்டும். நான்கு முறை விடுப்பில் போய்க் குறித்த நேரத்தில் திரும்பியவர், ‘வெளியே விட்டால் ஆபத்து’ என்ற கூற்றுக்குத் தன் நடத்தையாலேயே பதில் சொல்லிவிட்டார். அந்தப் பதிவை அறிக்கைகளுக்கு மேலே வைத்துப் பார்க்க வேண்டும்.

20. மனுப் போட்டு ஒரு வருஷம் ஆச்சு, பதிலே இல்லை. ஒருத்தர் ‘மேலிடத்துல சொல்லி முடிச்சுத் தர்றேன்’னு பணம் கேக்கறார்.

கொடுக்காதீர்கள். இந்த மனுவுக்குக் கட்டணமே கிடையாது, வழக்கறிஞரும் இலவசமாகக் கிடைப்பார். 15100 என்ற சட்ட உதவி எண்ணில் கூப்பிடுங்கள். சிறைக்குள்ளேயும் சட்ட உதவி மையம் உண்டு.

பதில் இல்லையென்றால், குறிப்பிட்ட காலத்துக்குள் முடிவெடுக்கச் சொல்லி உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. நிராகரித்திருந்தால் உத்தரவு நகலை வாங்கி, அதை ரத்து செய்து மறுபரிசீலனை செய்யச் சொல்லி ரிட் மனு. நீதிமன்றம் நேராக விடுவிப்பது அரிது, பெரும்பாலும் அரசுக்கே திருப்பி அனுப்பும். 14-ஆம் கேள்வியின் அம்சங்களில் எதை அரசு பார்க்கவில்லை என்று சுட்டிக்காட்டினால்தான் மறுபரிசீலனையில் அதே வரி திரும்ப வராது.

21. வெளியே வந்தபிறகு யாராவது பொய் கேஸ் குடுத்தா மறுபடி உள்ளே போட்டுடுவாங்களா?

வழக்குப் பதிவானது மட்டுமே விடுதலையை ரத்து செய்யப் போதுமான காரணம் ஆகாது என்று மஃபாபாய் வழக்கில் 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ‘கண்ணியமாக நடக்க வேண்டும்’ என்பது போன்ற, எப்படியும் வளைக்கக்கூடிய நிபந்தனை செல்லாது என்றும் சொன்னது. ரத்து செய்வதானால் காரணத்தோடு நோட்டீஸ் தந்து, பதில் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். சின்ன மீறலுக்கு ரத்து கூடாது.

நோட்டீஸ் வந்தால் கெடு முடியும்முன் எழுத்தில் பதில் கொடுங்கள், ஒப்புகை வாங்குங்கள். விடுதலை உத்தரவின் நகலை இரண்டு மூன்று எடுத்து ஒன்றை வழக்கறிஞரிடம் வையுங்கள். காவல் நிலையத்தில் கையெழுத்திடும் நிபந்தனை இருந்தால் ஒவ்வொரு தேதியையும் தனி நோட்டில் குறித்து வாருங்கள். நிலையத்தின் பதிவேட்டில் ஒரு நாள் விடுபட்டிருந்தாலும் அந்த நோட்டு உதவும்.